குடும்பத்தோட பெர்லின் வர்றோம், கார் இல்லாம காலத்த ஓட்ட முடியுமா?

நீங்க கேட்டத சுருக்கமா சொன்னா, அக்டோபர்ல கோயம்புத்தூர்ல இருந்து பெர்லினுக்கு வர்றீங்க, நீங்க, உங்க வைஃப், நாலு வயசு பொண்ணு, ஆபீஸ் ஆட்லர்ஸ்ஹோஃப்ல. வந்த உடனே செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் எடுத்துரலாமா, இல்ல பஸ்ஸு ரயில்லயே காலத்த ஓட்டிரலாமா? நான் இங்க வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, ரெண்டு பசங்க, இன்னிக்கு வரைக்கும் கார் இல்ல. அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஒரு டீய போட்டுட்டு உக்காருங்க.

வாங்காதீங்க. அட்லீஸ்ட் முதல் வருஷம் வேண்டாம். பெட்ரோல், பார்க்கிங் கதையெல்லாம் அப்புறம், முதல் சிக்கலே லைசென்ஸ்தான். நம்ம ஊர் லைசென்ஸ் இங்க குடியேறுன நாள்ல இருந்து 6 மாசத்துக்குத்தான் செல்லும். அதுக்கப்புறம் ஜெர்மன் லைசென்ஸ் எடுக்கணும்னா தியரி, பிராக்டிக்கல் ரெண்டு டெஸ்ட்டும் எழுதி ஓட்டி பாஸ் பண்ணணும், சில நாட்டுக்காரங்களுக்கு டெஸ்ட் இல்லாமயே மாத்திக் குடுக்கறாங்க, அந்த லிஸ்ட்ல இந்தியா இல்ல. தியரிய இங்கிலீஷ்ல எழுதலாம், அது ஒரு நிம்மதி. ஆனா டிரைவிங் ஸ்கூல் கிளாஸ், டெஸ்ட் ஃபீஸ் எல்லாம் சேத்தா ஆயிரம் யூரோவ அசால்ட்டா தாண்டிரும். பதினஞ்சு வருஷமா அவினாசி ரோட்ல வண்டி ஓட்டுன ஆள் இங்க முதல் தடவ ஃபெயில் ஆனத நானே பாத்திருக்கேன். சைக்கிள்காரன் வர்றானான்னு தோள் பக்கமா தலைய திருப்பி பாக்கல, அவ்ளோதான் காரணம். இதுக்கு மேல இன்சூரன்ஸ் வேற, இங்க ஓட்டுன அனுபவம் இல்லாத ஆளுக்கு பிரீமியம் எகிறும்.

ஆனா கார் வேணுமா வேண்டாமாங்கறது பெர்லின்ல உண்மையில கார் பத்துன கேள்வியே இல்ல, வீடு பத்துன கேள்வி. வீட்ட சரியான இடத்துல எடுத்துட்டா கார் ஞாபகமே வராது, தப்பான இடத்துல எடுத்துட்டா மூணாவது மாசம் கார் விளம்பரமா பாத்துட்டு இருப்பீங்க. நம்மாளுங்க எல்லாரும் கூகுள் மேப்ல ஆபீஸ்ல இருந்து எத்தன கிலோமீட்டர்னு பாக்கறாங்க, அது இங்க ஒண்ணுக்கும் உதவாது. பாக்க வேண்டியது எத்தன தடவ மாறணும், வீட்டு ஸ்டேஷன்ல எத்தன லைன் நிக்குது, இந்த ரெண்டுதான்.

உங்க ஆபீஸயே எடுத்துக்கங்க. ஆட்லர்ஸ்ஹோஃப் எஸ் பான் (நம்ம ஊர் லோக்கல் ட்ரெயின் மாதிரி) ஸ்டேஷன்ல எஸ்8, எஸ்9, எஸ்45, எஸ்46, எஸ்85னு அஞ்சு லைன் நிக்குது. ஒவ்வொரு லைனும் பொதுவா 20 நிமிஷத்துக்கு ஒண்ணு, ஆனா அஞ்சும் ஒரே தண்டவாளத்துல வர்றதால அஞ்சு பத்து நிமிஷத்துல ஏதாவது ஒண்ணு வந்துரும். இதே தண்டவாளத்துல நகரத்துப் பக்கமா வந்தீங்கன்னா ஷோனவைட, பவ்ம்ஷூலன்வேக் ரெண்டு ஸ்டேஷன் இருக்கு, ரெண்டுலயும் இதே கூட்டம் நிக்கும், அந்தப் பக்கம் வீடு கிடைச்சா யோசிக்காதீங்க. மறுபக்கம் எஸ்46 கடைசியா போய் நிக்கற கோனிக்ஸ் வூஸ்டர்ஹவுசன்ல வாடகை கம்மி, வீடு பெருசு, ஏரி வேற பக்கத்துல, பாத்தா ஆசையாத்தான் இருக்கும். ஆனா அங்க எஸ் பான் 20 நிமிஷத்துக்கு ஒரு வண்டிதான், ஒண்ண விட்டா ஜனவரி மாசம் மைனஸ் அஞ்சுல பிளாட்ஃபார்ம்ல நின்னு பாட்டுப் பாடணும். பொண்ண கிண்டர்கார்டன்ல விட்டுட்டு போற ஆளுக்கு அந்த 20 நிமிஷம் ரொம்ப பெரிய விஷயம்.

இப்ப டிக்கெட். பெர்லின ஏ, பி, சின்னு மூணு வளையமா பிரிச்சிருக்காங்க. நடுவுல ரிங் பான்னு ஒரு வட்ட ரயில் ஓடுது, எஸ்41 கடிகாரம் சுத்தற திசை, எஸ்42 எதிர்த்திசை, ஒரு முழு சுத்துக்கு ஒரு மணி நேரம். அந்த வட்டத்துக்குள்ள இருக்கறது ஏ, வட்டத்துக்கு வெளியில ஊர் எல்லை வரைக்கும் பி, அதையும் தாண்டினா சி. சாதாரணமா எல்லாரும் வாங்கறது ஏபி டிக்கெட், ஒரு தடவைக்கு கிட்டத்தட்ட 4 யூரோ, ரெண்டு மணி நேரம் எத்தன வண்டி வேணா மாறலாம், ஆனா ஒரே திசையில மட்டும்தான். போயிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள அதே டிக்கெட்ல திரும்பி வந்தா அது டிக்கெட் இல்லாத பயணம்தான். கம்மி தூரத்துக்கு குர்ட்ஸ்ட்ரெக்கன்னு ஒரு டிக்கெட் இருக்கு, எஸ் பான், யூ பான்ல (அதாவது மெட்ரோ) மூணு ஸ்டாப், பஸ் ட்ராம்ல ஆறு ஸ்டாப், அது விலை கம்மி.

இதுல புதுசா வர்ற எல்லாரும் விழற குழி ஏர்போர்ட். ஏர்போர்ட் சி ஜோன்ல இருக்கு, நீங்க இறங்கி வெளிய வர்றப்பவே ஏபிசி டிக்கெட் வேணும். நான் இறங்குன அன்னிக்கு விழல, ஆறு மாசம் கழிச்சு ஃப்ரெண்ட ரிசீவ் பண்ணப் போனப்ப விழுந்தேன். தினமும் வாங்கற பழக்கத்துல கை தானா ஏபிய அமுக்கிருச்சு, ஃபோன்ல பாட்டு கேட்டுட்டு ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கேன், கதவு மூடுனதும் சாதாரண ஜாக்கெட் போட்ட ரெண்டு பேர், ஒரு பொண்ணு ஒரு பெரியவர், பாக்கெட்ல இருந்து கார்டையும் மெஷினையும் எடுக்கறாங்க. அந்தப் பெரியவர் என் டிக்கெட்ட ரெண்டு செகண்ட் பாத்தாரு, ஜன்னலுக்கு வெளிய கைய காட்டி "சி"ன்னாரு. அவ்ளோதான், 60 யூரோ. நான் புதுசு, தெரியலன்னேன், அவரு ரொம்ப மரியாதையா ரசீது எழுதிக் குடுத்தாரு. தப்பு என் மேலதான், அவர சொல்லி குத்தமில்ல.

இங்க ஸ்டேஷன்ல கேட்டே கிடையாது, சென்னை மெட்ரோ மாதிரி டிக்கெட்ட காட்டி கேட்ட திறந்து உள்ள போற கதையெல்லாம் இல்ல, தெருவுல இருந்து நேரா பிளாட்ஃபார்முக்கு நடந்து போயிடலாம். அதப் பாத்துட்டு செக்கிங்கே இல்லன்னு நினைச்சுராதீங்க, யூனிஃபார்ம் இல்லாம வருவாங்க, திரும்பத் திரும்ப மாட்டினா கிரிமினல் கேஸ் வரைக்கும் போகும், விசால இருக்கற நமக்கு அந்த தலைவலி எதுக்கு. பேப்பர் டிக்கெட் வாங்குனா பிளாட்ஃபார்ம்ல இருக்கற சின்னப் பெட்டியில சொருகி ஸ்டாம்ப் பண்ணணும், காசு குடுத்து வாங்கிட்டு ஸ்டாம்ப் பண்ணாம ஏறுனாலும் அதே 60 தான்.

ஆனா இந்த ஏபிசி கணக்கெல்லாம் உங்களுக்கு முதல் ஒரு மாசம்தான். அதுக்கப்புறம் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துருவீங்க, பிரச்சன தீந்துச்சு. 2022ல மூணு மாசம் 9 யூரோ டிக்கெட்னு ஒண்ணு விட்டாங்க, ஊரே ரயில்ல ஏறிருச்சு, அதோட தம்பிதான் இது, 2023 மே மாசம் 49 யூரோவுல ஆரம்பிச்சு, 2025ல 58, 2026 ஜனவரில இருந்து 63 யூரோ. ஒரு மாசம் ஃபுல்லா ஜெர்மனி முழுக்க பஸ், ட்ராம், யூ பான், எஸ் பான், ரீஜனல் ரயில் எல்லாத்துலயும் போலாம், ஐசிஇ மாதிரி வேக ரயில்ல மட்டும் செல்லாது. ஏர்போர்ட்டும் இதுலயே அடக்கம். அதாவது சி ஜோன்ல வீடு எடுத்தாலும் பயணச் செலவு ஒரு பைசா கூடாது, வண்டி எத்தன நிமிஷத்துக்கு ஒண்ணு வருதுங்கறத மட்டும் பாத்தா போதும்.

இது சந்தா மாதிரி, மாசா மாசம் பேங்க்ல இருந்து தானா எடுத்துக்குவாங்க. வேண்டாம்னா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும், 11ஆம் தேதி ஞாபகம் வந்தா அடுத்த மாசத்துக்கும் சேத்து கட்டுங்க. நிறைய இடத்துல ஜெர்மன் பேங்க் அக்கவுண்ட் இருந்தாத்தான் குடுப்பாங்க, அதான் முதல் மாசம் சில்லறை டிக்கெட்லயே ஓடும்னேன். முக்கியமா ஆபீஸ் எச்ஆர்கிட்ட ஜாப் டிக்கெட் இருக்கான்னு கேளுங்க, கம்பெனி 25 சதவீதம் போட்டா அரசாங்கம் பக்கம் இன்னும் 5 சதவீதம் குறையும், 63 யூரோ 44 சொச்சமா ஆயிரும். கேக்காம யாரும் கூப்பிட்டு குடுக்க மாட்டாங்க. இன்னொண்ணு, டிக்கெட் ஃபோன்ல இருந்து ஃபோன் செத்துப் போச்சுன்னா டிக்கெட் இல்லாத கணக்குத்தான், அப்புறமா போய் காட்டி சின்ன ஃபீஸ் கட்டி தப்பிக்கலாம், ஆனா அலைச்சல். பிளாஸ்டிக் கார்டா குடுக்கற இடத்துல வாங்குங்க, பர்ஸ்ல கிடக்கட்டும்.

பொண்ணுக்கு 6 வயசு வரைக்கும் டிக்கெட்டே வேண்டாம். ஸ்கூல் போக ஆரம்பிச்சதும், பெர்லின்ல குடியிருந்து இங்கயே படிக்கற பசங்களுக்கு ஏபி பாஸ் இலவசம், 2019 ஆகஸ்ட்ல இருந்து அப்படித்தான். ஊர் எல்லைக்கு வெளிய வீடு எடுக்கறதுக்கு முன்னாடி இதையும் ஒரு தடவ யோசிச்சுக்கங்க.

எந்த வண்டி எங்க ஓடும்ங்கறதுல ஒரு சரித்திரம் இருக்கு, அது தெரிஞ்சா ஊர் புரிஞ்சுரும். மேற்கு பெர்லின்ல 1967லயே ட்ராம மொத்தமா நிறுத்திட்டாங்க, பஸ்ஸும் யூ பானும் போதும்னு. கிழக்குல நிறுத்தல. சுவர் விழுந்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கும் ட்ராம் மேப்ப எடுத்துப் பாத்தா பழைய கிழக்கு பெர்லின் எதுன்னு விரல் வச்சுக் காட்டிரலாம். உங்க ஆட்லர்ஸ்ஹோஃப் கிழக்கு, அதனால ட்ராம் உண்டு.

ராத்திரி வண்டி பத்தி கவலையே வேண்டாம். வெள்ளி, சனி ராத்திரி யூ பான் விடிய விடிய ஓடும். மத்த நாள்ல ராத்திரி ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் யூ பான் தூங்கும், அதுக்குப் பதிலா அதே ரூட்ல ரோட்டு மேல 'என்' எழுத்து போட்ட பஸ் ஓடும், யூ7க்கு என்7, யூ8க்கு என்8. எம்முன்னு ஆரம்பிக்கற ட்ராமும் பஸ்ஸும் 24 மணி நேரமும் உண்டு.

அப்புறம் ஸ்ட்ரைக். இங்க ஸ்ட்ரைக் வரும், வராம இருக்காது, ஆனா பெரும்பாலும் முன்னாடியே சொல்லிருவாங்க. யூ பான், ட்ராம், பஸ் மூணையும் ஓட்டறது பிவிஜிங்கற நகரப் போக்குவரத்துக் கம்பெனி, எஸ் பான் வேற கம்பெனி, ரயில்வேயோட பிள்ளை. பிவிஜிகாரங்க ஸ்ட்ரைக் பண்ணா எஸ் பான் ஓடும், ரயில்வேகாரங்க பண்ணா யூ பான் ஓடும். எஸ் பான், யூ பான் ரெண்டும் நடக்கற தூரத்துல இருக்கற வீடு கிடைச்சா அதான் ஜாக்பாட், நொய்கோல்ன் மாதிரி. இதோட சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான், ஷீனன் எர்சாட்ஸ் ஃபெர்கேர்னு. வாயில நுழையாது, எஸ்இவின்னு போர்டு இருக்கும். தண்டவாளத்துல வேல நடக்குது, ரயிலுக்குப் பதிலா பஸ்னு அர்த்தம். அந்த எழுத்து மூணையும் பாத்த உடனே பக்கத்துல நிக்கற ஜெர்மன்காரர் ஒரு பெருமூச்சு விடுவாரு பாருங்க, நம்ம ஊர்ல கரண்ட் போனா விடற பெருமூச்சு அது.

அரிசி மூட்டை எப்படி தூக்கறதுன்னு உங்க வைஃப் கேட்டதா எழுதியிருந்தீங்க, நியாயமான கேள்வி. இங்க பாட்டிமார் இழுத்துட்டு போற ரெண்டு சக்கர துணிப்பை வண்டி ஒண்ணு இருக்கு, கிண்டலா ஹாக்கன் போர்ஷன்னு பேரு, குதிகாலுக்குப் பின்னாடி ஓடற போர்ஷ காராம். வெட்கப்படாம ஒண்ணு வாங்கிருங்க. நான் முதல் ரெண்டு வருஷம் கௌரவம் பாத்து பத்து கிலோ பொன்னி அரிசிய பேக்பேக்ல சுமந்தேன். ஒரு நாள் ஸ்டேஷன்ல எஸ்கலேட்டர் ரிப்பேர், லிஃப்ட் வேற இல்ல, ஒரு கையில பையன், முதுகுல அரிசி, இன்னொரு கையில புளி, அப்பளம், முருங்கக்காய் நீட்டிக்கிட்டு இருக்கற பை. அன்னிக்கு சாயங்காலமே போர்ஷ வாங்கியாச்சு. பெரிய சாமான், அலமாரி, கட்டில் எல்லாம் டெலிவரிதான், வருஷத்துக்கு ரெண்டு தடவ அதுக்கு குடுக்கற காசு ஒரு மாச கார் செலவு கூட வராது. குழந்தை வண்டியோட படிக்கட்டுல நின்னீங்கன்னா, கேக்காமயே யாராவது வந்து முன் பக்கத்த பிடிச்சு தூக்கிக் குடுத்துட்டு ஒரு வார்த்த பேசாம போயிருவாங்க. இந்த ஊர்க்காரங்க சிரிக்க மாட்டாங்களே தவிர கல்நெஞ்சுக்காரங்க இல்ல.

சைக்கிள் கண்டிப்பா வாங்குங்க, ஆனா ஏப்ரல்ல. அக்டோபர்ல வந்து ஆர்வத்துல வாங்குனா, டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிரும், மழையும் இலையும் ஐஸும் சேந்து வழுக்கும், முதல் குளிர்காலத்த ரயில்ல ஓட்டுங்க. செகண்ட் ஹேண்ட் சைக்கிளே போதும், பூட்டு மட்டும் நல்லதா, தடியா, யு வடிவத்துல இருக்கறதா வாங்கி, சக்கரத்த இல்ல, ஃபிரேம கம்பியோட சேத்துப் பூட்டணும், வெறும் முன் சக்கரம் மட்டும் கம்பியில தொங்கிட்டு இருக்கற காட்சி இங்க தெருவுக்குத் தெரு உண்டு. முன்னாடி பின்னாடி லைட் கட்டாயம். சிகப்புல தாண்டினா சைக்கிளுக்கும் 60 யூரோ அபராதம், கூடவே ஒரு பெனால்ட்டி பாயிண்ட், ஃபோன கையில பிடிச்சா 55. இதெல்லாத்த விட பெரிய ஆபத்து ட்ராம் தண்டவாளம். தண்டவாளத்துக்கு இணையா போயிட்டு இருக்கறப்ப லேசா ஒடிச்சா முன் சக்கரம் பள்ளத்துல இறங்கி மாட்டிக்கும், ஆளு மட்டும் பறப்பீங்க. தாண்டறதா இருந்தா நல்லா குறுக்க, நேர்கோணத்துக்கு கிட்ட திருப்பித்தான் தாண்டணும், மழைனா இறங்கி தள்ளிட்டே போங்க. பொண்ணு சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சா 8 வயசு வரைக்கும் நடைபாதையிலதான் ஓட்டணும், துணைக்கு நீங்களும் நடைபாதையில ஓட்டலாம். ஆள் இல்லாத ரோட்ல சிகப்பு மனுஷன் எரியறப்ப நீங்க தனியா நடந்து தாண்டினா யாரும் கேக்க மாட்டாங்க, பக்கத்துல ஒரு குழந்தை நின்னா மட்டும் தாண்டிராதீங்க, அந்த அம்மா விடற டோஸ் ஜெர்மன் தெரியாமயே புரியும்.

கோயில் கேட்டிருந்தீங்க. ப்ரிட்ஸ்ல மயூரபதி முருகன் கோயில் இருக்கு, ஈழத்துத் தமிழர் கட்டுனது. ஆட்லர்ஸ்ஹோஃப்ல எஸ்45 இல்லன்னா எஸ்46 ஏறி நொய்கோல்ன்ல இறங்குங்க, அங்க யூ7க்கு மாறி ரூடோ பக்கமா ரெண்டாவது ஸ்டாப் ப்ளாஷ்கோ அலே, மேல ஏறி நடந்தா கோயில். திருவிழா நாள்ல அந்த யூ7 பெட்டிய பாக்கணும், பட்டுப்புடவைக்கு மேல முழங்கால் வரைக்கும் வின்டர் ஜாக்கெட், கீழ ஸ்னோ பூட்ஸ், மடியில பிரசாத டப்பா, எதுத்த சீட்ல பச்சைத் தலைமுடியோட ஒரு பையன் அந்த வாசனையில டப்பாவையே பாத்துட்டு இருப்பான். அங்க வர்ற பெரியவங்க சில பேர்கிட்ட பேசிப் பாருங்க. 1980கள்ல கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் ஏர்போர்ட்ல இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராச ஸ்டேஷன் வழியா மேற்குப் பக்கம் வந்து அகதியா பதிஞ்சவங்க அதுல உண்டு. அதே ஸ்டேஷன்லதான் இன்னிக்கு நாம காப்பிய கையில வச்சுட்டு எஸ் பான்ல இருந்து யூ6க்கு ஓடறோம்.

வார கடைசிக்கு கார் இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணும். டாய்ச்லாண்ட் டிக்கெட்லயே வான்ஸே போய், அங்க இருந்து எஃப்10னு ஒரு படகு கிளாடோவுக்குப் போகுது, 20 நிமிஷம், அதுவும் பஸ் கணக்குத்தான், தனி டிக்கெட் வேண்டாம், ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தப்ப நாலு தடவ கூட்டிட்டுப் போனேன், அஞ்சாவது தடவையும் கேட்டாங்க. ரீஜனல் ரயில்ல லூபனாவ் போனா ஸ்ப்ரீவால்ட் கால்வாய், காலைல கிளம்பினா ரோஸ்டாக் வழியா வார்னமுண்ட கடற்கரை, எல்லாம் அதே 63 யூரோக்குள்ள. கூட்டம் இருக்கும், சம்மர் சனிக்கிழமை நின்னுட்டே போக வேண்டியும் வரும், அத மறைக்கல. நிஜமாவே கார் வேணுங்கற நாள் வருஷத்துல அஞ்சாறு வரும், லைசென்ஸ் எடுத்ததுக்கு அப்புறம் அந்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கலாம், தெருவுக்கு நாலு கார் ஆப்ல திறக்கற மாதிரி நிக்குது.

யாருக்கு கார் வேணும்னா, ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஊருக்கு வெளிய இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குப் போறவங்க, நடக்க முடியாத பெரியவங்க கூட இருக்கறவங்க, அவங்களுக்கு நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், லிஃப்ட் இல்லாத ஸ்டேஷன் இன்னும் இருக்கு. உங்க நிலைமை அது இல்ல.

வந்ததும் முதல்ல தற்காலிக வீட்லதான் இருப்பீங்க, அந்த ரெண்டு மாசத்துல வீடு பாக்கப் போறப்ப கார்ல யாராவது கூட்டிட்டுப் போறேன்னா வேண்டாம்னு சொல்லிட்டு ரயில்ல போங்க, முடிஞ்சா பொண்ணையும் கூட்டிட்டு. வீட்டுக்குள்ள சமையல்கட்டு பாக்கறதுக்கு முன்னாடி ஸ்டாப்ல இருக்கற டைம்டேபிள்ல ஞாயித்துக்கிழமை கட்டத்தப் பாருங்க, காலைல எட்டு மணிக்கு எத்தன வண்டி, ராத்திரி பதினோரு மணிக்கு எத்தன வண்டின்னு. அப்புறம் ஸ்டாப்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் பொண்ணு தூக்கச் சொல்லாம நடக்கறாளான்னு பாருங்க. அட்ரஸ் ரெண்டு மூணு ஷார்ட்லிஸ்ட் ஆச்சுன்னா ஸ்டாப் பேர மட்டும் இங்கயே போடுங்க, எந்த லைன் எப்படின்னு சொல்றேன்.